நித்திரைக் குளிசையும் நோவுக் குளிசையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து யன்னலுக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவன் நான். கிளினிக் நாள்களில் விடிய ஆறு மணிக்கே கொப்பிகள் அடுக்கியிருக்கும். முதல் பஸ்ஸில் வந்த சனம் மரத்தடியில் இருக்கும். யன்னலில் ஒருவருக்குக் கிடைப்பதோ அரை நிமிடம். "இது காலமை, இது இரவைக்கு, சாப்பிட்டாப் பிறகு" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கை நீண்டுவிடும். அந்த அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நான் மருந்து கொடுத்தவன், மருந்து எழுதினவன் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரோடு கதைத்துச் செய்ய வேண்டியவை.

நித்திரைக் குளிசையா, நோவுக் குளிசையா, எது கூட ஆபத்து?

கேட்ட உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அது அரைப் பதில்தான்.

அளவு கூடினால் ஆபத்து கூடியது அபின் குடும்பத்து நோவுக் குளிசைதான். மோர்பின், கோடீன், ட்ரமடோல் எல்லாம் அந்தக் குடும்பம். நாம் நித்திரையில் இருக்கும்போதும் மூளையின் அடித்தண்டு மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் "மூச்சை எடு" என்று அது உந்தும். அபின் வகை மருந்து அந்த உந்துதலையே மங்க வைக்கிறது. ஆள் திணறுவதில்லை, துடிப்பதில்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அவர் நல்ல நித்திரை கொள்வது போலத்தான் இருக்கும். டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசை தனியாக இப்படி மூச்சை நிறுத்துவது அரிது.

நிறுத்தும்போது கதை தலைகீழ். அபின் வகையைத் திடீரென்று விட்டால் மூக்கு ஒழுகும், மயிர் கூச்செறியும், வயிற்றோட்டம் வரும், உடம்பெல்லாம் உளையும். பெரிய வேதனை. ஆனாலும் வேறு வருத்தம் இல்லாத ஒருவர் அதனால் சாவது அரிது. நித்திரைக் குளிசையை மாதக்கணக்கில் பாவித்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். ஒன்று ஏறும்போது கொல்லும், மற்றது இறங்கும்போது. இரண்டும் ஒரே வயிற்றில் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் என்னை அதிகம் பயப்படுத்திய விஷயம். அதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

என் கையில் இருப்பது எந்தக் குளிசை என்று எப்படித் தெரியும்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசையைப் பெரும்பாலும் பெரிய போத்தலில் இருந்து எண்ணி, சின்ன உறையில் போட்டுத் தருவோம். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். வீட்டுக்குப் போனால் எது எதுவென்று பிடிபடாது. ஆகவே பெயரை உறையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். யன்னலில் நிற்பவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

நித்திரைக்கும் பதற்றத்துக்கும் தருவதில் முக்கியமானவை டயசிபாம் (பழைய ஆள்களின் வாயில் வேலியம்), குளோனசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம். இந்த வகையில் முதலாவது மருந்து 1960இலும், டயசிபாம் 1963இலும் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்னர் இருந்த நித்திரை மருந்துகள் அளவு கொஞ்சம் தவறினாலே ஆளை முடித்துவிடும். அவற்றோடு ஒப்பிட்டு இவற்றைப் பாதுகாப்பானவை என்று கொண்டாடினார்கள். அந்த நல்ல பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்பிடம் என்ற நித்திரைக் குளிசை பின்னாளில் வந்தது. இவை எல்லாம் மூளையின் வேகத்தைக் குறைக்கும் ஒரு பிரேக்கை அழுத்துபவை, அதுவும் தொடுவது அதே பிரேக்கைத்தான்.

அபின் குடும்பத்தில் இங்கே அதிகம் கண்ணில் படுவது ட்ரமடோல். கோடீன் சில நோவுக் குளிசைகளிலும் சில இருமல் பாணிகளிலும் கலந்திருக்கும். மோர்பினும் பெதிடீனும் ஆஸ்பத்திரிக் கட்டுப்பாட்டில் வருபவை.

பனடோல், டைக்ளோபினாக், இபுபுரூபன் எல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. அதற்காக டைக்ளோபினாக்கைக் கடலை மாதிரி வாயில் போடாதீர்கள். அது குடலில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சிறுநீரகம் பழுதானவருக்கு ட்ரமடோலும் மோர்பினும்கூட உடம்பில் தேங்கும். கிளினிக்கில் இதை நீங்களாகவே சொல்லுங்கள்.

இரண்டும் டொக்டர்மார் தந்ததுதானே, சேர்த்துப் போட்டால் என்ன?

ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயது மட்டில் இருக்கும். ஒருநாள் யன்னலில், "தம்பி, இதுகளில ஒண்டு முடிஞ்சுபோச்சு, எது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ" என்று ஒரு புடவைக்கடைப் பையை நீட்டினார். மேசையில் கொட்டினேன். எழுத்து வாசிக்கத் தெரியாததால் உறைகளுக்கு நூல் கட்டி வைத்திருந்தார்: காலைக்கு வெள்ளை, இரவுக்குச் சிவப்பு. சிவப்பு நூல் நான்கு உறையில் இருந்தது. இடுப்பு நோவுக்கு ஒரு கிளினிக் தந்த ட்ரமடோல், மனநலக் கிளினிக் தந்த குளோனசிபாம், தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் வாங்கிய டயசிபாம், சளிக்கு என்று யாரோ கொடுத்த, மயக்கம் தரும் பிரிட்டன் குளிசை. நான்கும் ஒன்றாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

"நித்திரை எப்படி அம்மா?" என்று கேட்டேன். "செத்த பிணம் மாதிரி" என்றார், சிரித்துக்கொண்டு.

மூன்று டொக்டர்மாரும் பிழையாக எழுதவில்லை. ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒரு கொப்பியை மற்றவர் பார்க்கவில்லை. அபின் வகை மூச்சின் உந்துதலை மங்க வைக்க, நித்திரைக் குளிசை மூளையை ஆழ அமிழ்த்த, தொண்டைத் தசையும் தளர்ந்துபோக, தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்து தாங்க முடியாதவை ஆகிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் இந்த இரண்டு வகை மருந்துகளிலும், சேர்த்துப் பாவித்தால் மரணம் நேரலாம் என்று தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது.

சில வேளை டொக்டர் தெரிந்தே இரண்டையும் தருவார். அப்போது அளவு குறைவாக இருக்கும், காரணமும் இருக்கும். தெரிந்து தருவது வேறு, தெரியாமல் சேர்வது வேறு. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லாக் கொப்பியையும் எல்லாக் குளிசையையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். டொக்டருக்கு நேரமில்லை என்றால் மிஸியிடம் (தாதியிடம்), மிஸிக்கும் நேரமில்லை என்றால் மருந்து யன்னலில் கொட்டுங்கள். அந்த அம்மாவைத் திரும்ப டொக்டரிடம் அனுப்பினேன். வெளியே வரும்போது சிவப்பு நூல் இரண்டு உறையில்தான் இருந்தது.

கள்ளு இரண்டு கிளாஸ்தான். அதுக்குமா?

அதுக்கும்தான். பனங்கள்ளு, சாராயம், கசிப்பு எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மதுசாரம். மூச்சு விஷயத்தில் அது மூன்றாவது நித்திரைக் குளிசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழும்புகிறவருக்கு இன்னும் மோசம். அப்படிப்பட்டவர் இந்த இரண்டு வகைக் குளிசையையும் தொடும் முன்னர் குறட்டைக் கதையை டொக்டரிடம் சொல்லவேண்டும்.

பத்து வருஷமாய் வேலியம் பாவிக்கிறேன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே?

இப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்டது "என்னை அடிமை என்று சொல்லிவிடாதே" என்பதைத்தான். நான் சொல்ல மாட்டேன். டொக்டர் எழுதினதை ஒழுங்காகப் பாவித்து உடம்பு பழகிப்போனால் அது உங்கள் குற்றம் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நித்திரை வரவைக்கும் வேலையை இந்தக் குளிசைகள் நன்றாகச் செய்வது சில கிழமைகள்தான். பிறகு மூளை பழகிவிடும். ஒருநாள் குளிசை முடிந்துபோகும். அன்றிரவு முன்னரைவிட மோசமாக விழித்திருப்பீர்கள். "பார்த்தியளே, குளிசை இல்லாமல் எனக்கு நித்திரை வராது" என்று முடிவு கட்டுவீர்கள். அந்த விழிப்பில் பெரும் பங்கு குளிசையை விட்டதால் வந்த எதிர்வினை. பழைய நித்திரையின்மை அதற்குள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அந்த ஒரு இரவை வைத்துச் சொல்ல முடியாது. பிரித்தானியாவில் இந்த வகைக் குளிசைகளை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் எழுதவேண்டாம் என்று 1988இலேயே டொக்டர்மாருக்கு அறிவித்தார்கள். உங்களுக்குப் பத்து வருஷம்.

இன்னொன்று, டயசிபாம் உடம்பை விட்டு இலகுவில் போகாது. நேற்றுப் போட்டதில் பாதி இன்றும் இருக்கும். அது உடைந்து உண்டாகும் பொருளும் அதே வேலையைச் செய்துகொண்டு நாள்கணக்கில் நிற்கும். வயது போகப் போக இந்தத் தேக்கம் கூடும். காலையில் தலை பாரம், மறதி, நடையில் தள்ளாட்டம் என்று வருவதை "வயசு போச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, அப்ப நாளைக்கே நிறுத்திப்போடட்டே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2022இல் பெற்றோலும் இல்லை, ஆஸ்பத்திரிகளில் மருந்தும் தட்டுப்பாடு. கிளினிக்குக்கு வர பஸ் இல்லாமல் ஒன்றரை மாதம் குளிசை விட்ட ஆள்கள் இருந்தார்கள். கை நடுக்கம், வியர்வை, சத்தம் கேட்டாலே திடுக்கிடுதல் என்று வந்தவர்கள் தங்களுக்குப் பழைய மனவருத்தம் திரும்பிவிட்டது என்று நம்பினார்கள். குளிசை நின்றதுதான் காரணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

குறைப்பது படிப்படியாக. இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை 5 முதல் 10 வீதம் என்ற அளவில் இறங்குவதை இப்போது பரிந்துரைக்கிறார்கள். பத்து வருஷக்காரருக்கு அது மாதக்கணக்கில் போகும், ஒரு வருஷத்துக்கு மேலும் போகலாம். இடையில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கலாம், அதில் வெட்கமில்லை. குளோனசிபாமை வலிப்புக்காகவும் தருவார்கள். உங்களுக்குத் தந்தது நித்திரைக்கா வலிப்புக்கா என்று தெரியாமல் ஒரு துண்டுகூடக் குறைக்காதீர்கள்.

நோவுக் குளிசையையும் நீண்டநாள் பாவித்திருந்தால் இதே மாதிரி மெல்ல இறங்கவேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது. விட்டு ஒன்றிரண்டு கிழமை போனதும் உடம்பு தன் பழக்கத்தை மறந்துவிடும். மறியலில் இருந்தோ புனர்வாழ்வில் இருந்தோ வந்தவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் அந்த முதல் தடவையிலேயே மூச்சு நிற்கலாம்.

உடம்பில ஷெல் துண்டு இருக்கு. ட்ரமடோல் இல்லாமல் எனக்கு ஏலாது. அதையும் விடச் சொல்லுறியளோ?

உங்களிடம் விடச் சொல்ல எனக்கு வாய் வராது. 2009இல் போர் முடிந்து இத்தனை வருஷமாகியும், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இரும்பைச் சுமக்கிறவர்கள், முழங்காலுக்குக் கீழே இல்லாதவர்கள், முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். ஒருவர், முன்னாள் லொறிச் சாரதி, இல்லாத காலின் பெருவிரல் சொறிகிறது என்பார். ஜெய்ப்பூர் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்.

நான் கேட்பது வேறு: உங்கள் நோ எந்த மாதிரி? எரிவு, கரண்ட் அடிப்பது, ஊசி குத்துவது, துணி பட்டாலே துடிப்பது என்றால் அது நரம்பு நோ. அதற்கு அபின் வகை அவ்வளவு நல்ல மருந்து இல்லை. இரவில் சின்ன அளவு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவைதான் அதற்கு முதல் வரிசை. இவையும் மயக்கம் தரும், ஆகவே பையில் மற்றவை என்ன இருக்கின்றன என்ற கேள்வி இங்கேயும் வரும். இல்லாத கால் நோவதற்குக் கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்தது. இருக்கும் காலின் விம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை மெல்ல அசைப்பது. மூளை ஏமாறுகிறது. எல்லாருக்கும் கேட்காது, ஆனால் சிலருக்கு நோ இறங்குகிறது. கண்ணாடிக்குப் பக்கவிளைவும் குறைவு.

நாரி, முழங்கால் நோ என்றால் 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லவேண்டும். 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு அபின் வகையும் மற்றப் பகுதிக்கு சாதாரண நோவு மருந்துகளும் 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை. நோ கொஞ்சம் குறைவாக இருந்தது சாதாரண மருந்துக்காரருக்குத்தான். பக்கவிளைவு கூடியது அபின் வகைக்காரருக்கு. நீண்டநாள் போட்டால் நரம்பு இன்னும் கூர்மையாகி, நோவைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

ட்ரமடோலுக்கென்று தனி ஆபத்து ஒன்று இருக்கிறது: அது வலிப்பைத் தூண்டும். தலையில் காயப்பட்டவர், தலைக்குள் துண்டு இருப்பவர், முன்னர் வலிப்பு வந்தவர் அதை மறைக்கவே கூடாது. மனச்சோர்வுக்கு புளூஒக்செற்றின் போன்ற குளிசை எடுப்பவருக்கும் சேர்த்தால் சிக்கல் வரலாம். நாளுக்கு 400 மில்லிகிராம்தான் அதன் மேல் எல்லை, 75 வயதுக்கு மேற்பட்டவருக்கு 300. நோ கூடின நாளில் "இன்னும் ஒண்டு" என்று போடும் மருந்து இது இல்லை. (இரும்புத் துண்டு உள்ளவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் முதல் வார்த்தையே அதுதான்.)

மோர்பின் எழுதினால் முடிஞ்சுதுதானே?

இல்லை. இவ்வளவு நேரமும் அபின் வகையைத் திட்டிவிட்டு இப்போது மறுபக்கம் கதைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயின் கடும் நோவுக்கு மோர்பினுக்கு நிகரான மருந்துகள் கொஞ்சம்தான். அளவு பார்த்துக் கூட்டிக்கொண்டு போனால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓர் ஐயா, "அந்தக் குளிசையைத் தொட்டால் கதை முடிஞ்சுது" என்று மூன்று கிழமை பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரவிரவாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். போடத் தொடங்கிய பிறகு வயலைப் பார்க்க நடந்து போனார். மலச்சிக்கல் கட்டாயம் வரும், மற்றப் பக்கவிளைவுகள் மாதிரி அது பழகிப் போகாது. ஆகவே முதல் நாளில் இருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

கனடாவில் இருக்கிற மகன், அங்கை சனம் இதாலை சாகுது, தொடாதேங்கோ எண்டுறான்.

மகன் பொய் சொல்லவில்லை. அங்கே ஒரு பெரிய கதை நடந்தது. 1996இல் ஒக்சிகொன்டின் என்ற அபின் வகைக் குளிசையை ஒரு கம்பனி அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. அடிமையாகும் ஆபத்துக் குறைவு என்று டொக்டர்மாருக்குச் சொல்லி விற்றார்கள். பொய்யாக விளம்பரப்படுத்தியதை 2007இல் நீதிமன்றத்தில் அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊரூராகப் பழகிப்போய், குளிசை கிடைக்காதவர்கள் ஹெரோயினுக்கும் பிறகு கள்ளத்தனமாகச் செய்த பென்டனில் என்ற கடும் அபின் வகைக்கும் போனார்கள். அமெரிக்காவில் 2022இல் மட்டும் அபின் வகையால் 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் நிலைமை அதுவல்ல. இங்கே மோர்பின் தேவையானவருக்குக் கிடைக்காமல் போவதும் ஒரு பிரச்சினை. மகனிடம் குளிசையின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டுங்கள், பயம் பாதி குறையும். அவன் அனுப்பும் மெலடோனின் பற்றியும் கேட்பீர்கள்: மேற்சொன்ன இரண்டோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு, பலனும் கொஞ்சம்தான்.

செத்தவீட்டில் அழுது களைத்தவருக்கு ஒரு குளிசை கொடுக்கலாமா?

எல்லாரும் கொடுக்கிறார்கள். "பாவம், ரெண்டு நாளாய்க் கண்மூடேல்லை" என்று அயலில் ஒருவர் தன்னுடைய குளிசையில் ஒன்றைப் பாதியாய் உடைத்துத் தருவார். அன்பில்தான் தருகிறார். ஆனால் உயிரிழப்பால் துக்கப்படுகிறவருக்கும், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் நித்திரை வராதவருக்கும் இந்த வகைக் குளிசை கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியிருக்கிறது. துக்கத்தை அது ஆற்றாது, தள்ளிப்போடும். எட்டுச் சடங்கு கழிந்து சனம் போன பிறகு, தனியே இருக்கும் வீட்டில் குளிசை மட்டும் மிஞ்சும்.

போர் முடிந்த மே மாதம் வந்தால் யன்னலில் நித்திரைக் குளிசை கேட்கும் முகங்கள் கூடும். காணாமல் போன பிள்ளையை இன்னும் தேடும் அம்மாமார் அதில் அதிகம். அவர்களில் ஒருவரிடம் கதைத்துக்கொண்டிருந்தால் ஒரு குளிசை தரக்கூடியதைவிடக் கூட ஆறுதல் கிடைக்கும் என்று சொல்ல ஆசைதான். சில வேளை கிடைக்கும். சில வேளை எதுவும் கிடைக்காது. இரவில் மிகவும் கடினமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

அம்மம்மா இரவில் எழும்பி விழுகிறா. குளிசையாலயோ?

பெரும்பாலும் இருக்கும். 65 வயதுக்கு மேல் இந்த வகை நித்திரைக் குளிசையைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வது விழுந்து இடுப்பு உடைவதால்தான். எங்கள் வீடுகளில் மலசலகூடம் வளவின் மூலையில். இருட்டு, மாட்டுக் கயிறு, கிணற்றடி ஈரம். நோவுக் குளிசையும் சேர்ந்தால் தலைச்சுற்று வேறு. மருந்தைக் குறைக்கும் வரை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியும் ஒரு ரோச்சும் வையுங்கள். "பிரிட்டன் தானே, அது சாது" என்று மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். அந்தச் சளிக் குளிசை முதியவருக்குப் புத்தித் தடுமாற்றமும் மூத்திரத் தடையும் தரும்.

விடிய மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

சொல்பிடம் பாவித்த பெண்களுக்குக் காலையிலும் இரத்தத்தில் மருந்து மிஞ்சியிருக்கிறது என்று கண்டு, அமெரிக்காவில் 2013இல் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமில் இருந்து 5 ஆகப் பாதியாக்கினார்கள். டயசிபாம் இன்னும் நீளம் நிற்கும். ஏ9 வீதியில் விடிய ஐந்து மணிக்கு யானையும் லொறியும் உங்களுக்காகப் பொறுக்காது. புதிதாகத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய நாள்களில் பஸ்ஸில் போங்கள். உழவு இயந்திரமும் வேண்டாம்.

பிள்ளையள் 'பிரகபலின்' எண்டு ஏதோ பாவிக்கினமாம். அது இதில் எது?

இரண்டும் இல்லை. நரம்பு நோவுக்கும் சில வகை வலிப்புக்கும் உரிய நல்ல மருந்து. வடக்கில் "போதை மாத்திரை" என்று பத்திரிகையில் வரும் செய்திகளில் பல தடவை அகப்பட்டது இதுதான். மற்ற இரண்டோடும் மதுவோடும் சேர்ந்தால் இதுவும் மூச்சை அமுக்கும். உங்கள் பையில் இது இருந்தால் எண்ணி வையுங்கள். பிள்ளை பாவிக்கிறது என்று தெரிந்தால் அடிப்பதற்கு முன்னர் 1927க்கு, அதாவது தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை எண்ணுக்கு, எடுத்துக் கதையுங்கள்.

கர்ப்பமாய் இருக்கிறவர்களுக்கு?

இரண்டு வகையும் பிள்ளைக்குப் போகும். தெரிந்த உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், பயத்தில் தானாக நிறுத்தவேண்டாம். பாலூட்டும் தாய்க்குக் கோடீனும் ட்ரமடோலும் ஆகாது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் ஆகாது.

ஆளை எழுப்ப முடியவில்லை. என்ன செய்வது?

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பைக் கைமுட்டியால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, கொறகொற என்ற சத்தம், உதடு நீலம், கண்மணி குண்டூசி முனை மாதிரிச் சிறுத்திருக்கிறது என்றால் அபின் வகையாக இருக்கலாம். 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். ஆளை ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள். புளித்தண்ணி, தேசிக்காய், கோப்பி எதையும் வாய்க்குள் ஊற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால், செய்யத் தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவேண்டும். குளிசை உறைகள் எல்லாவற்றையும் கூடவே அனுப்புங்கள்.

அபின் வகைக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. ஊசி போட்டுச் சில நிமிடத்தில் ஆள் எழும்பி இருப்பார். உடனே வீட்டுக்குக் கூட்டிப் போக நிற்காதீர்கள். அதன் வேலை ஒரு மணித்தியாலம் மட்டில் குறைந்துவிடும், உள்ளே இருக்கும் மருந்து இன்னும் இருக்கும். நித்திரைக் குளிசைக்கும் ஒரு மாற்று உண்டு, ஆனால் நீண்டநாள் பாவித்தவருக்கு அதைப் போட்டால் வலிப்பு வரும் என்று டொக்டர்மார் தயங்குவார்கள்.

வன்னியில் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். "இரவைக்குக் குளிசை போட்டவர்தானே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். எட்டடி விரியன் பாம்பு பாயில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடம் பெரிதாக நோகாது, வீங்காது. விடியப்புறம் வயிற்று நோ, கண்மடலைத் தூக்க முடியாமை, விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் தசை சோர்வது. இரண்டில் எதுவானாலும் ஓடவேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

குளிசை இல்லாமல் நித்திரை வர வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு கிழமை கஷ்டம். நாள்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்கவேண்டியது பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று அமெரிக்க டொக்டர்மார் சங்கம் ஒன்று 2016இல் சொன்னது. அதை வன்னிக்கு ஏற்றமாதிரிச் சொன்னால் இப்படி: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். கண் சொக்கினால் மட்டும் பாயை விரியுங்கள். கொஞ்ச நேரமாகியும் வரவில்லை என்றால் பாயை விட்டு எழும்பி, விறாந்தையில் இருங்கள், போன் வேண்டாம். பாய் என்றால் புரள்வது என்று மூளை படித்து வைத்திருப்பதை இப்படித்தான் மறக்க வைக்கவேண்டும். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம். மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் சரிந்துவிட்டு இரவில் நித்திரை கேட்கவும் கூடாது.

யானைக் காவலுக்குப் பரணில் விடிய விடிய இருக்கிறவருக்கும், கிழமைக் கடன்காரன் நாளைக்கு வருவான் என்று படுக்கிறவருக்கும் இதை யன்னலில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது உண்டு. அவர்களுடைய விழிப்புக்குக் குளிசையிலும் மருந்து இல்லை.

அப்பா போய்விட்டார். மோர்பின் மிஞ்சிக் கிடக்கிறது.

எறியவேண்டாம், மலசலகூடத்துக்குள்ளும் கிணற்றுப் பக்கமும் கொட்டவேண்டாம், அயலில் நோ உள்ளவருக்கு இரங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அவருடைய உடம்பு பழகியிருக்காது, அப்பாவுக்கு அரை நாள் போதிய அளவே அவருக்கு முடிவாகலாம். எந்த ஆஸ்பத்திரி தந்ததோ அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒருவர் எட்டு முடிந்த அடுத்தநாள் கொண்டுவந்தார், குளிசை எண்ணி, கொப்பி மடித்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து. குளிசையை எடுத்துப் பதிந்துவிட்டுக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.